வெள்ளம் வருமுன் அணை

மலையைத் தகர்த்துப் பொன் எடுத்தவர்களை வீரர் என்று போற்றுவது உலக வழக்கமாகிவிட்டது. சாலையில்லாக் காட்டில் சாலை அமைத்தனர்; ஆளில்லா மலையில் ஊர் கண்டனர்; இயற்கையை வென்று ஆலை எழுப்பினர் என்று நூல்களும் விளம்பரங்களும் ஒருமுகமாகப் பாடுகின்றன. பள்ளிப் பாடங்களும் அதற்குப் பின்பாட்டுப் பாடுகின்றன. பொன்னாலையில் எடுக்கப்படுவது எவ்வளவு என்று சொல்லப்படுகிறது. விடப்படுவது எவ்வளவு என்று சொல்லப்படுவதில்லை. விடப்படுவதை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கு விடை காணாமல் எழுப்பப்படும் ஆலை, எத்துணைப் பெரிய இயந்திரங்களைக் கொண்டிருப்பினும், பொறியியலின் வெற்றியாகாது. அது பொறியியலின் பெயரால் நிகழும் பொறுப்பின்மையே ஆகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் இல்லங்களில் பொன்னை அறியாதார் இல்லை. ஒரு சவரன் என்பது 8 கிராம். அஃது 22 காரட் நகையாயின் அதில் தூய பொன் ஏறத்தாழ 7.3 கிராம் இருக்கும். ஒரு டன் கல்லில் 2 கிராம் பொன் இருப்பின் அதனை நல்ல சுரங்கம் என்றே வணிகர் மதிப்பர். ஆகவே, ஒரு சவரன் பொன்னுக்காக ஏறத்தாழ 4 டன் கல்லை மாவாக அரைத்தல் வேண்டும். அந்தக் கல்லை அடைவதற்குமுன் அகற்றப்படும் வெறும் பாறையும் மண்ணும் தனிக் கணக்கு. சவரன் நகைப்பெட்டிக்குச் செல்கிறது. 4 டன் மாவு எங்குச் செல்கிறது? இவ்வொரு வினாவிலேயே பொன்னாலை வடிவமைப்பின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

ஆலையில் நிகழ்வது யாது? முதலில் கல் உடைக்கப்படுகிறது. பின்னர் நீருடன் சேர்த்து மாவுபோல் அரைக்கப்படுகிறது. அக்குழம்பில் சயனைடுக் கரைசல் சேர்க்கப்படுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் உடன்பிறப்பினரும் 1887இல் உரிமம் பெற்ற முறை இது. பொன்னும் அதனோடு கலந்திருக்கும் வெள்ளியும் சயனைடில் கரைகின்றன. கல்மாவு கரையாது நிற்கிறது. கரைந்த பொன்னைப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்பட்ட கரியைப் பயன்படுத்துவர். வெள்ளி மிகுதியாக உள்ள கல்லாயின் கரி விரைவில் நிரம்பிவிடும். ஆதலின் துத்தநாகத் தூளைத் தூவி இரண்டு உலோகங்களையும் ஒருங்கே படியச் செய்யும் முறையைக் கைக்கொள்வர். இறுதியில் உலையிலிட்டு உருக்கிப் பொன்னும் வெள்ளியும் கலந்த பாளமாக வார்ப்பர். எஞ்சிய சேறு முழுவதும் கழிவு.

கரைசல் எப்போதும் காரத்தன்மையுடன் இருத்தல் வேண்டும். அதற்காகவே சுண்ணாம்பு சேர்க்கின்றனர். காரம் குறைந்தால் சயனைடு நச்சு வளியாக மாறி வெளியேறும். இவற்றையெல்லாம் வேதியியல் அறிந்தோர் நூறாண்டுகளுக்கும் மேலாக நன்கறிவர். பொன்னைக் கரைக்கும் கலையில் குறையொன்றும் இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது.

வறண்ட நிலத்தில் இவ்வாலையை அமைப்பது ஒன்று. வெப்பமண்டல மழைமலையில் அமைப்பது முற்றிலும் வேறொன்று. கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அரைத்துக் கொட்டப்பட்ட கழிவு குன்றுகளாக அங்கே நின்றுவிட்டது. காற்றில் தூசு பறந்து மக்களை வருத்துவது உண்மையே. ஆயினும் மேடு மேடாகவே நிற்கிறது. காரணம், அங்கே ஆண்டு மழை ஒரு மீட்டருக்கும் குறைவு. அதே கழிவு மழைக்காட்டு மலையில் கொட்டப்பட்டிருந்தால் ஒரு பருவம்கூட நின்றிராது.

மழையின் கணக்கை மாணவரே போட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 2.5 மீட்டர். பாப்புவா நியூ கினியின் மேற்கு மாநிலத்து ஸ்டார் மலைத்தொடரில் ஓராண்டில் 8 மீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அதன்மேல் 8 மீட்டர் மழை பெய்தால் 80,000 கன மீட்டர் நீர். சுரங்கக் குழி, கற்குவியல், குளம், ஆலை முற்றம் யாவும் சேர்ந்து 100 ஹெக்டர் என்று கொண்டால் 80 இலட்சம் கன மீட்டர் நீர் ஆண்டுதோறும் வானத்திலிருந்து இறங்கும். வறண்ட நாட்டு ஆலை நீரைத் தேடி அலைகிறது. மழைநாட்டு ஆலை நீரை வெளியேற்ற வழி தேடி அலைகிறது. நச்சுக்குளத்தில் விழும் ஒவ்வொரு மழைத்துளியும் நச்சுநீராகிவிடும். அதனைத் தூய்மை செய்யாமல் விடவும் இயலாது, வைத்துக்கொள்ளவும் இயலாது.

நீர் மட்டுமன்று. மழையில் ஊறிய களிமண் உடைப்பொறியிலும் சரிவுத் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கிறது. செங்குத்தான சரிவுகள் தாமே சரிகின்றன. நிலநடுக்கம் அவற்றைத் தள்ளிவிடுகிறது. கந்தகம் கலந்த பாறையை வெட்டி வெளியில் போட்டால், காற்றும் மழையும் அதனைத் தீண்டி அமிலம் உண்டாக்குகின்றன. அவ்வமிலம் செம்பு முதலிய உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. மழைமலையில் ஆலை கட்டுவோன் வரைய வேண்டிய முதற்படம் அரைப்பொறியின் படம் அன்று; நீரின் வழியும் மண்ணின் நிலையும் காட்டும் படமே ஆகும்.

இவ்வுண்மையைப் புறக்கணித்ததன் விளைவுக்கு ஓக் டெடியைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அம்மலைநாட்டு மக்களின் மொழியில் 'ஓக்' என்றால் ஆறு. நீர் என்றும் பொருள்படும். ஃபுபிலான் மலையின் உச்சியில் பொன்படிந்த பாறைமூடி இருந்தது. அதன்கீழே செம்புக்கல் கிடந்தது. 1960களின் இறுதியில் இச்செல்வம் கண்டறியப்பட்டது. 1975இல் விடுதலை பெற்ற பாப்புவா நியூ கினிக்கு வருவாய் தேவைப்பட்டது. 1981இல் ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. நிறுவனமும் வேறு பன்னாட்டு நிறுவனங்களும் அரசும் பங்குகொண்ட ஓக் டெடி சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஃபிளை ஆற்றின் வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் படகில் சென்று கியுங்காத் துறையை அடைந்து, அங்கிருந்து 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைச்சாலை அமைத்து, தபுபில் என்னும் ஊரையும் உண்டாக்கினர். இவையெல்லாம் அரிய செயல்களே, மறுப்பதற்கில்லை.

திட்டத்தில் அணையும் இருந்தது. ஓக் மா என்னும் பள்ளத்தாக்கில் கழிவுச்சேற்றைத் தேக்கும் அணை கட்டப்பட வேண்டும் என்று ஒப்பந்தம் கூறியது. 1984 சனவரியில் பெரும் நிலச்சரிவு ஏற்பட்டு அணையின் அடித்தள வேலைகளை அழித்தது. பின்னர் நிகழ்ந்தது யாது? அணை அழிந்தது, ஆலை நிற்கவில்லை. அதே 1984 மே மாதத்தில் பொன் உற்பத்தி தொடங்கிற்று! இடைக்கால ஏற்பாடு என்னும் பெயரால் சேற்றை ஆற்றில் விட இசைவு பெறப்பட்டது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது தமிழர் பழமொழி. அங்கேயோ அணை வருமுன்னரே வெள்ளத்தைத் திறந்துவிட்டனர்.

அடுத்த மாதமே இரு விபத்துகள் நேர்ந்தன. 1984 சூனில் ஃபிளை ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மிதவைப் படகு கவிழ்ந்து 2,700 சயனைடுப் பீப்பாய்கள் நீரில் மூழ்கின. அதே மாதத்தில் ஆலையின் அடைப்பான் ஒன்று திறந்தபடி விடப்பட்டதால் சயனைடு மிகுந்த கழிவு ஆற்றில் பாய்ந்தது. மீன்கள் செத்து மிதந்தன. ஓர் அடைப்பான் திறந்திருந்தால் ஓர் ஆறு நஞ்சாகும் என்றால் அக்குற்றம் அடைப்பானைத் திறந்துவிட்ட தொழிலாளியுடையது மட்டுமன்று. தவறு நேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும் இடைக்குளமோ தடுப்புச்சுவரோ இல்லாது வரைந்த கையினுடையது அது. மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே எண்ணி அமைப்பதுதானே வடிவமைப்பு?

1985இன் தொடக்கத்தில் அரசு விழித்துக்கொண்டு, அணை கட்டும் பணி தாழ்த்தப்படுவதைக் கண்டித்துச் சுரங்கத்தை மூட ஆணையிட்டது. சில வாரங்களில் உடன்பாடு ஏற்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. 1987இல் செம்பு உற்பத்தி தொடங்கிற்று. 1988இல் பொன்மூடி தீர்ந்து சயனைடு ஆலை மூடப்பட்டது. 1989இல் புகேன்வில் தீவின் பங்குனாச் சுரங்கம் கிளர்ச்சியால் மூடப்பட்டவுடன் அரசின் வருவாய் பெரிதும் குன்றியது. அந்நெருக்கடியில் நிலையான அணை என்னும் பேச்சு அடங்கியது. இடைக்காலம் என்று சொல்லப்பட்டது எக்காலமும் ஆயிற்று. நாள்தோறும் ஏறத்தாழ 80,000 டன் கழிவுச்சேறு ஆற்றில் இறங்கியது. ஆற்றுப் படுகை பல மீட்டர் உயர்ந்தது. கரை மீறிய நீர் காட்டில் தேங்கி நின்றது. வேர்கள் மூச்சற்று மரங்கள் பட்டுப்போயின. ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு கெட்டது. ஆற்றோரத்துச் சவ்வரிசிப் பனைகளும் வாழைத் தோட்டங்களும் சேற்றில் புதைந்தன. ஏறத்தாழ 120 ஊர்களைச் சேர்ந்த 50,000 மக்களின் வாழ்வு பாதிக்கப்பட்டது என்பர்.

ஆளில்லா மலை என்று விளம்பரங்கள் பாடினவே, அந்த ஆளில்லா இடத்தின் மக்கள்தாம் இவர்கள்! யோங்கோம் இனத்தவரான ரெக்ஸ் டாகி முதலியோர் 1994இல் மெல்பர்ன் நகருக்கே சென்று விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1996இல் அது சமரசத்தில் முடிந்தது. 1998இல் ஆற்றுமண்ணைத் தூர்வாரும் பணி தொடங்கிற்று. 1999இல் பி.எச்.பி. நிறுவனம், சுற்றுச்சூழல் பாதிப்பு எதிர்பார்த்ததைக் காட்டிலும் பெரிது என்று தானே ஒப்புக்கொண்டது. 2002இல் தன் 52 விழுக்காட்டுப் பங்கை ஓர் அறநிதி நிறுவனத்திடம் ஒப்படைத்து வெளியேறியது. அந்நிறுவனம் பதிவு செய்யப்பட்ட இடம் சிங்கப்பூர். 2013இல் பாப்புவா நியூ கினி அரசு அப்பங்குகளைத் தன்வயப்படுத்தியபின், அந்நிதியத்தை ஆளும் உரிமை யாருக்கு என்னும் வழக்குச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. எங்கோ ஒரு மூலையில் நிகழ்ந்தது என்று இவ்வட்டாரத்தார் கண்ணை மூடிக்கொள்வதற்கில்லை.

இனி, எதிர்வழக்காடுவோர் கூற்றுகளை ஆராய்தல் வேண்டும்.

'நிலச்சரிவு இயற்கையின் செயல்; அதற்குப் பொறியாளர் என் செய்வர்?' என்பது முதற் கூற்று. நிலச்சரிவு இயற்கையின் செயலே. ஆனால் சரியக்கூடிய நிலத்தை அணைக்குத் தேர்ந்தது இயற்கையின் செயலா? 8 மீட்டர் மழையும் நிலநடுக்கமும் உள்ள இளமலையில் நிலம் சரியும் என்பது எவரும் எதிர்பாராத செய்தியா? இன்னும் கேட்பின், அணை அழிந்த பின்னரும் நான்கு மாதத்தில் ஆலையைத் தொடங்கியது யார் செயல்? மருத்துவமனையில் அறுவை அறை இடிந்துவிட்டது என்பதற்காக, முற்றத்தில் வைத்து அறுவை செய்வாருண்டோ? நிலச்சரிவு சனவரியில் நிகழ்ந்தது; முடிவோ மே மாதத்தில் எடுக்கப்பட்டது. முதலாவதற்கு மலை பொறுப்பு. இரண்டாவதற்கு மனிதரே பொறுப்பு.

'ஏழை நாட்டுக்கு வருவாய் வேண்டாவா?' என்பது இரண்டாம் கூற்று. இதில் உண்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. அச்சுரங்கம் பாப்புவா நியூ கினியின் ஏற்றுமதியில் பெரும்பங்கு வகித்தது. தபுபிலில் மருத்துவமனை வந்தது. வேலையும் கல்வியும் வந்தன. அதனால்தான் ஆற்றோர மக்களிற் பலரே சுரங்கத்தை உடனே மூடுக என்று கேட்கத் தயங்கினர். ஆனால் இதிலிருந்து பெறப்படுவது என்ன? வருவாய் நாட்டுக்கு, சேறு ஆற்றோரத்தார்க்கு. அணைக்குச் செலவிடாத பணம் மிச்சமாகிவிடவில்லை. அச்செலவு வாழைத்தோட்டத்தின்மேலும் மீன்துறையின்மேலும் எழுதப்பட்டது. கணக்கேட்டில் எழுதாத செலவைச் செலவே இல்லை என்று கருதுவது கடன்காரனின் கணக்கு, கல்விமானின் கணக்கன்று. ஊசி பொன்னால் ஆனது என்பதற்காக அதைக் கண்ணில் குத்திக்கொள்வார் எவருமில்லை. பிறர் கண்ணில் குத்துவதற்கு மட்டும் பொன்னூசி பொருத்தமோ?

'அணைகளும் உடைகின்றனவே' என்பது மூன்றாம் கூற்று. ஆம், உடைகின்றன. 2000ஆம் ஆண்டு சனவரியில் உருமேனியாவின் பாயா மாரே நகருக்கருகே பொன்னாலைக் கழிவு அணை உடைந்து ஏறத்தாழ 1,00,000 கன மீட்டர் சயனைடு நீர் ஆறுகளில் பாய்ந்தது; அண்டை நாட்டு மீன்வளமும் அழிந்தது. மழையும் பனியுருகலும் குளத்தை நிரப்பிவிட்டதே அதற்குக் காரணம். 2019இல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டனர். முதலாவதன் பின்னர்ச் சயனைடைக் கையாளும் பன்னாட்டு நெறிமுறை உருவாயிற்று. இரண்டாவதன் பின்னர் 2020இல் கழிவு அணைகளுக்கான உலகத் தரநெறி வெளிவந்தது. அணை உடையக்கூடும் என்பது அணையை நன்கு கட்டுவதற்குக் காரணமேயன்றி, அணையே வேண்டா என்பதற்குக் காரணமாகாது. கூரை ஒழுகும் என்று அஞ்சிக் கூரையின்றி வீடு கட்டுவாருண்டோ? நல்ல கூரை போட இயலாத இடமாயின் அங்கு வீடு கட்டாதிருப்பதே அறிவு.

நான்காம் கூற்று நுட்பமானது. 'நஞ்சை முறித்துத்தான் விட்டோம். பின் ஏன் பழி?' என்பர். ஓக் டெடியில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு சயனைடைச் சிதைக்கும் முறை கையாளப்பட்டது உண்மை. வேதியியலார் தம் கடமையைச் செய்தனர். ஆனால் ஆற்றைக் கொன்றதில் பெரும்பங்கு சயனைடுக்கு அன்று, சேற்றுக்கே உரியது. பல்லாயிரம் டன் கல்மாவை நாள்தோறும் தாங்க எந்த ஆற்றாலும் இயலாது. அது நஞ்சற்றதாயினும் படுகையை நிரப்பும், கரையை மூழ்கடிக்கும். நஞ்சை மட்டும் அஞ்சி அளவை அஞ்சாதிருந்தமையே அங்கு நேர்ந்த பெரும்பிழை. மாணவர் இதனைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். தீங்கு பொருளின் தன்மையில் மட்டுமன்று, அதன் அளவிலும் உள்ளது.

அவ்வாறாயின் மழைமலையில் கழிவைத் தேக்கவே இயலாதா? இயலும் என்பதற்கு அதே நாட்டில் சான்றுண்டு. மொரோபே மாநிலத்தில் ஹிட்டன் வேலி என்னும் பொன் வெள்ளிச் சுரங்கம் 2009இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் உயர்ந்த மலை; அங்கும் மழையுண்டு; சரிவுண்டு; நிலநடுக்கமுண்டு. சுரங்கக் குழி ஓரிடத்திலும் ஆலை வேறிடத்திலும் அமைந்தன. உடைத்த கல் 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நகரும் பட்டையின்வழி மலையிறங்கி ஆலையை அடைந்தது. கழிவுச்சேற்றை ஆற்றில் விடாது நிலத்திலேயே அணைகட்டித் தேக்கினர். பெருஞ்சுரங்கங்கள் கழிவை ஆற்றிலோ ஆழ்கடலிலோ விட்டுப் பழகிய நாட்டில் இது புதுவழி. எனினும் அச்சுரங்கத்தையும் குறையற்றதெனக் கொள்வதற்கில்லை. கட்டுமானக் காலத்தில் சரிவில் தள்ளப்பட்ட மண் வாட்டுட் ஆற்றில் இறங்கிக் கரையோர மக்களின் முறையீட்டுக்கு இடமாயிற்று. ஆலைக்கழிவுக்கு அணை உண்டு. சாலைவெட்டிய மண்ணுக்கு அணை இல்லை என்றால் ஆறு இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஒரு பாதி விடை நல்லதே. முழு விடை அதனினும் நல்லது.

இவற்றால் பெறப்படும் வடிவமைப்பு ஒழுங்கு யாது? முதலாவது, மழையையும் நிலத்தையும் பல ஆண்டுகள் அளத்தல். ஓராண்டு அளவைக் கொண்டு நூறாண்டு அணையை வரையக் கூடாது. இரண்டாவது, கழிவுக்கு இடம் காணுதல். அவ்விடத்தின் உறுதியைத் துளையிட்டு ஆராய்தல். மூன்றாவது, தூய மழைநீரையும் அழுக்கு நீரையும் பிரித்தல். ஆலைக்கு மேற்புறத்தில் வரும் ஓடையை வாய்க்கால் வெட்டி வளைத்துக் கீழே விடுதல். நச்சுக்குளத்தின் பரப்பைச் சுருக்குதல். எஞ்சிய நீரைத் தூய்மைசெய்யும் நிலையத்தைப் பெருமழைக்கேற்ற அளவில் அமைத்தல். நான்காவது, ஒவ்வோர் அடைப்பானும் ஒருநாள் தவறும் என்று கொண்டு அதன்கீழ் ஒரு தடுப்பை வைத்தல். ஐந்தாவது, சுரங்கம் மூடிய பின்னர்க் காவல் காப்பவர் யார், அதற்கான பணம் எங்கே என்பதைத் தொடங்கும்போதே எழுதி வைத்தல். அரைப்பொறியும் கரித்தொட்டியும் உலையும் இவற்றுக்குப் பின்னரே வரத்தக்கவை. இவ்வைந்தில் ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிடின், வடிவமைப்பின் நேர்மையான முடிவு 'கட்டற்க' என்பதே.

'கட்டற்க' என்று சொல்வதும் பொறியியலே. இதனைத்தான் பலர் ஏற்க மறுக்கின்றனர். இயலாது என்று கூறும் பொறியாளரைக் கோழை என்று இகழ்கின்றனர். பொன் அழுகும் பொருள் அன்று. மலையில் இருந்தால் மலையிலேயே இருக்கும். சிறந்த முறை வரும்வரை காத்திருந்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. காத்திருக்க இயலாதது பொன்னா, பொன்மேல் வட்டிக்குப் பணம் போட்டவரா என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். கெட்ட ஆறோ காத்திருந்தாலும் விரைவில் மீளாது. ஃபிளை ஆற்றுக் கரையில் பிறந்த குழந்தை, சுரங்கத்தின் இலாபக் கணக்கு முடிந்த பின்னரும் அச்சேற்றின்மேல்தான் நடந்து வளர வேண்டும்.

மலேசியாவிலும் இவ்வினா எழாமல் இல்லை. பகாங் மாநிலத்து ரவுப் நகரின் பெயரே, கையால் அள்ளுதல் என்னும் பொருளுள்ள மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது என்பர். அள்ள அள்ளப் பொன் கிடைத்த ஊர் என்பது அங்குள்ள மரபுரை. அவ்வூருக்கருகே புக்கிட் கோமானில், பழைய சுரங்கக் கழிவிலிருந்து சயனைடும் கரியும் கொண்டு பொன் பிரிக்கும் ஆலை 2009இல் இயங்கத் தொடங்கியபோது, குடியிருப்பு மக்கள் அஞ்சினர்; குழு அமைத்து எதிர்த்தனர்; நீதிமன்றம் வரை சென்றனர். வழக்கின் முடிவு சட்டத்தைச் சார்ந்தது. ஆனால் பொறியியலைச் சார்ந்த பாடம் ஒன்று அங்கும் உண்டு. ஆலையின் வரைபடம் மக்கள்முன் விரிக்கப்படுவது ஆலை எழுந்த பின்னரன்று, எழுமுன்னர். மக்கள் வேதியியல் அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் எளிய கேள்விகள்: காற்று எப்பக்கம் வீசும்? குளம் நிரம்பினால் நீர் எங்கே போகும்? இரவில் வளி கசிந்தால் யார் எழுப்புவர்? தலைசிறந்த வடிவமைப்பாளரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவையே அல்லவா?

ஈண்டு ஆசிரியர்களின் பொறுப்பு வெளிப்படுகிறது. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. உலோகப் பாடத்தில் பொன் துருப்பிடிக்காது, கம்பியாக நீளும், தகடாக விரியும் என்று கற்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது வழக்கம். பொன்னின் பண்புகளைக் கூறியாயிற்று. பொன்னின் விலையைக் கூறவில்லை. நகைக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலை அன்று இங்குக் குறிக்கப்படுவது. 4 டன் சேற்றின் விலை. ஒரு சவரனுக்கு எவ்வளவு கல் என்பது ஐந்தாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய வகுத்தல் கணக்கு. ஒரு ஹெக்டர்மேல் பெய்யும் மழை எவ்வளவு என்பது ஆறாம் ஆண்டு மாணவி போடக்கூடிய கொள்ளளவுக் கணக்கு. சாய்ந்த மணற்குவியலின்மேல் நீரூற்றிச் சரிவைக் காட்டுவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பள்ளித் திடலும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். இவற்றைச் செய்துகாட்டிய பின்னர், 'இந்தக் குவியலை இனி எங்கே வைக்கலாம்?' என்று கேட்டு அமைதியாய் நிற்கட்டும் ஆசிரியர். மாணவர் தாமே விடை தேடத் தொடங்குவர்.

'இவையெல்லாம் பல்கலைக்கழகத்தில் கற்க வேண்டியவை, தொடக்கப்பள்ளியில் எதற்கு?' என்று சிலர் கூறக்கூடும். ஓக் டெடியில் பணியாற்றியவர்கள் பல்கலைக்கழகத்தில் கற்காதவர்களா? அணையின் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அணை இன்றி ஆலையைத் தொடங்கக் கூடாது என்று உறுதியாய் நிற்கும் பழக்கந்தான் போதவில்லை. கணக்கைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும். கழிவைக் கணக்கில் சேர்க்கும் பழக்கமோ இளமையில் வேரூன்ற வேண்டியது. மதிய உணவு உண்டபின் இலையை எங்கே போடுவது என்று கற்காத பிள்ளை, பின்னாளில் மலையை அரைத்த மாவை எங்கே போடுவது என்று மட்டும் எங்ஙனம் கற்கும்?

தமிழ்ப்பள்ளியிலிருந்து பொறியாளர்கள் வருகின்றனர், வேதியியலார் வருகின்றனர், அரசு அலுவலரும் வழக்கறிஞரும் வருகின்றனர். அவர்களுள் ஒருவர் என்றேனும் ஒருநாள் ஒரு மழைமலையின் வரைபடத்தின்முன் அமரக்கூடும். அணைக்குரிய நிலம் உறுதியாக இல்லை என்று அறிக்கை கூறும். உற்பத்தி நாளோ நெருங்கிவிட்டது என்று மேலாளர் கூறுவார். இடைக்கால ஏற்பாடு ஒன்றில் கையெழுத்திடுமாறு தாள் நீட்டப்படும். அந்நேரத்தில் அவருக்குத் துணைநிற்கப் போவது எது? பொன்னின் அணு எண் 79 என்னும் செய்தியா? அணையை முதலில் கட்டுக, ஆலையை அதன்பின் தொடங்குக என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும் துணிவா?

அத்துணிவை ஊட்டாத அறிவியல் பாடம் குறைப்பாடமே. அதனை ஊட்டும் கடமை, ஆலை முதலாளியிடமிருந்தோ அமைச்சரிடமிருந்தோ தொடங்குவதன்று. வகுப்பறையில் சுண்ணக்கட்டியைக் கையிலெடுக்கும் ஆசிரியரிடமிருந்தே தொடங்குகிறது. ஓக் டெடியின் கதையை உலோகப் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளையை ஒதுக்க ஆசிரியப் பெருமக்கள் முன்வருவார்களாக.